ஈவ்லின் கரைத்த பீட்

பெருங்களத்தூர் ஸ்டேஷனில் இறங்கி பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் நடந்து போகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கலாம். மத்தியானம் மூன்றரை மணிக்கு ஒரு வீட்டின் முதல் மாடியில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் படார் படாரென்று சாத்தப்படும். உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல், "அடிப்பாவி, வேர்த்துக் கொட்டுதுடி!" என்று அலறும். புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்து நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம். ஈவ்லின் பாட்டுக்குப் பீட் போட உட்கார்ந்துவிட்டாள், அவ்வளவுதான்.

அலறுகிறவர் யேசுதாசன், அவளுடைய கணவர். தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். மத்தியானம் சாப்பிட வந்த இடத்தில் ஒரு மணி நேரம் கண்ணை மூடலாம் என்று பார்த்தால், ஃபேன் சத்தம் ரெக்கார்டிங்கில் விழுகிறது என்று பெண்டாட்டி அதை நிறுத்திவிடுகிறாள். சித்திரை வெயிலில் ஒரு மனுஷன் என்னதான் செய்வான்? ஆனாலும் அவர் எழுந்து வெளியே போனதில்லை. ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு, அவள் வாசித்து முடிக்கிற வரைக்கும் மூலையில் உட்கார்ந்திருப்பார். அப்பேர்ப்பட்ட புருஷன் எத்தனை பேருக்கு வாய்க்கும், சொல்லுங்கள்.

ஈவ்லினுக்கு முப்பத்தொன்பது வயது. தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதிக் கம்பெனிகள் இருக்கிற வளாகத்துக்குள் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. காலை ஆறு மணி ஷிஃப்ட். செல்போன் சார்ஜருக்குள் போகிற பச்சைப் போர்டுகள் வரிசையாக வரும். இடது கையால் எடுத்து, விளக்குக்கு நேரே திருப்பிப் பார்த்து, சரியாக இருந்தால் வலது கையால் ஒரு பொட்டு மை வைத்து அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு, தொள்ளாயிரம். பதினோரு வருடமாக இதுதான். பின்னால் சூப்பர்வைசர் ஸ்டாப் வாட்ச்சை வைத்துக்கொண்டு, ஒரு போர்டுக்கு எத்தனை நொடி என்று பார்த்துக்கொண்டே நிற்பார்.

அவள் பீட் போட ஆரம்பித்த கதையே ஒரு கூத்து. ஆபீஸ் வேலைக்கு மாற்றலாம், கம்ப்யூட்டர் தெரிந்தால் போதும் என்று கம்பெனியில் யாரோ சொன்னதை நம்பி, பழைய லேப்டாப் ஒன்றை வாங்கினாள். டைப்பிங் கற்றுக்கொண்டாள். அந்த வேலை யாரோ ஒருவரின் மச்சினிக்குப் போய்விட்டது. வயிற்றெரிச்சலில் லேப்டாப்பை மூடி பரணில் போடப் போனவள், அதில் ஏற்கெனவே இருந்த ஒரு மியூசிக் சாஃப்ட்வேரை என்னவோ ஏதோவென்று திறந்தாள். திறந்தவள் திறந்தவள்தான். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு யேசுதாசன் வாங்கி வந்த பரோட்டா.

முதல் தடவை ரெக்கார்ட் பட்டனை அமுக்கியதும் ஹெட்போனில் டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம் வந்தது. தாளம் தப்பாமல் வாசிப்பதற்காக அந்தச் சாஃப்ட்வேர் தட்டுகிற கணக்கு அது. உலகத்தில் பீட் போடுகிற அத்தனை பேரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் வாசிக்கிறார்கள். ஈவ்லினுக்கு அது சூப்பர்வைசரின் ஸ்டாப் வாட்ச்சாகவே கேட்டது.

"ஐயே, இங்கயும் வந்துட்டியா நீ?" என்று சொல்லி அதை அணைத்தாள். அதற்குப் பிறகு அதைப் போட்டதே இல்லை.

அவள் வாசிக்கிற அழகை உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதலில் குடம். தண்ணீர் பிடிக்கிற அதே பித்தளைக் குடம்தான். தரையில் சம்மணம் போட்டு, குடத்தை மடியில் சாய்த்து, இடது உள்ளங்கையால் வாயில் அடித்தால் தொம் என்று அடிச்சத்தம். வலது கை மோதிரத்தால் வயிற்றில் தட்டினால் டிங் என்று மேல்சத்தம். செல்போனைத் தலையணை மேல் வைத்து அதில்தான் ரெக்கார்டிங். என்ன வாசிக்கப் போகிறோம் என்று முன்கூட்டி ஒரு யோசனையும் கிடையாது. கை போன போக்கில் மூன்று நிமிஷம், நாலு நிமிஷம்.

அதற்குப் பிறகுதான் விஷயமே இருக்கிறது. அந்தக் குடச் சத்தத்தை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அடுத்ததை வாசிப்பாள். டப்பாவில் அரிசியைப் போட்டுக் குலுக்குவாள். அந்த இரண்டையும் கேட்டுக்கொண்டே, கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட இட்லித் தட்டை ஸ்பூனால் தட்டுவாள். மூன்றையும் கேட்டுக்கொண்டு முழ நீளம்கூட இல்லாத சின்னக் கீபோர்டில் நாலே நாலு ஸ்வரம். ஒன்றின் மேல் ஒன்று, ஒன்றின் மேல் ஒன்று என்று ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொன்றும் முந்தினதுக்குப் பதில் பேசும். குடம் கேள்வி கேட்டால் இட்லித் தட்டு கிண்டல் பண்ணும், அரிசி டப்பா நடுவில் புகுந்து சமாதானம் செய்யும். எந்த வாத்தியாரிடமும் போகாதவளுக்கு இதெல்லாம் எங்கிருந்துதான் வந்ததோ.

"எப்டிடி தெர்து உனக்கு, அடுத்து இன்னா வாசிக்கணும்னு?" என்று யேசுதாசன் ஒரு நாள் கேட்டார்.

"எனக்கு இன்னா தெரியும்? போட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டுகினு இருந்தா, அதுவே சொல்லும்யா இன்னா கொறையுதுன்னு."

ஆனால் ஒரு சிக்கல். அந்த லேப்டாப் கிழட்டு லேப்டாப். ஒரு சத்தத்துக்கு ஒரு டிராக் என்று ஐந்தாவது டிராக் சேர்ந்தால் மூச்சு வாங்கும், ஆறாவதில் அப்படியே உறைந்து நின்றுவிடும். அதற்கு ஈவ்லின் ஒரு வழி கண்டுபிடித்தாள். நாலு டிராக் சேர்ந்ததும் நாலையும் ஒன்றாக்கி ஒரே ஃபைலாக மாற்றிவிடுவாள். தனித்தனியாக இருந்த நாலையும் லேப்டாப்பிலும் செல்போனிலும் அழித்துவிடுவாள். பிறகு அந்த ஒன்றின் மேல் இன்னும் மூன்று. மறுபடியும் ஒன்றாக்கி, அழித்து. இதற்கு அவள் வைத்த பெயர் 'கரைக்கிறது'. ரசத்துக்குப் புளி கரைப்பது போலத்தான். கரைத்த பிறகு புளி வேறு தண்ணீர் வேறு என்று யார் பிரிக்கப் போகிறார்கள்? பிரிக்கச் சொல்லி ஒருவன் வந்து நிற்பான் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மே மாத மத்தியானத்தில் அவள் போட்ட பீட் ஒன்று தாம்பரம் முழுக்கப் பிரசித்தம். பையன்கள் அதைக் 'கேப்பு பீட்டு' என்பார்கள். மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருக்கிற தாளம் திடீரென்று ஓர் இடத்தில் கண் இமைக்கிற நேரத்துக்கு அடிச்சத்தம் இல்லாமல் போய், பிறகு தொம்மென்று விழும். அந்த இடைவெளியில் ஆடுகிறவர்கள் எல்லாரும் ஒற்றைக் காலைத் தூக்கி அந்தரத்தில் நிற்பார்கள். பீட் விழும்போது காலும் விழும். கல்யாண ஊர்வலம், கோயில் திருவிழா, கல்லூரி ஆண்டு விழா எங்கும் அதுதான். அடுத்த இடைவெளி எப்போது வரும் என்று சரியாகச் சொல்லவும் முடியாது. அதுதான் அதிலுள்ள கிக்கே.

இந்தப் பீட்டை ஊரெல்லாம் கொண்டுபோனவன் சூர்யா. அஸ்தினாபுரத்துப் பையன், இருபத்து நாலு வயது, பகலில் சாப்பாட்டு டெலிவரி, சாயங்காலம் கானா பாட்டு. ஈவ்லினின் சித்தி வீட்டுக்குப் பக்கத்து வீடு. "அக்கா, பாட்றதுக்கு ஒரு பீட்டு குடுக்கா" என்று கேட்டபோது, ஈவ்லின் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தாள். யூடியூபில் போடப்போகிறேன், உன் பேரைப் போடட்டுமா என்றும் கேட்டான். அப்போது ஈவ்லின் என்ன சொன்னாள் தெரியுமா?

"வாணாம்பா. சர்ச்சுல எதுனா சொல்லுவாங்க, கம்பெனில எதுனா சொல்லுவாங்க. இன்னாத்துக்கு வம்பு? உம்பேரையே போட்டுக்க."

சொன்னாள். தன் வாயாலேயே சொன்னாள். பின்னால் இதை நினைத்து நினைத்து அவள் தலையில் அடித்துக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

போன ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சூர்யா இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றான். முகமெல்லாம் பல். "அக்கா, நம்ம பீட்டு ஒரு வெப் சீரிஸ்ல வருதுக்கா! பேரு ஓடுற எடத்துல நம்மளுதுதான். டைட்டில்ல என் பேரு வரப்போவுது!"

ஈவ்லின் லட்டை எடுத்து வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். "யார் பேரு?"

"என் பேருக்கா. இசை, சூர்யா."

"அது நான் போட்ட பீட்டுடா."

"அக்கா, நீதான பேரு வாணாம்ன?" அவன் ஒன்றும் திருட்டு முழி முழிக்கவில்லை. அவனைப் பொறுத்தவரைக்கும் அது நியாயமான பேச்சு. "மூணு வருசமா என் பேர்லதான் கீது. இப்ப போயி மாத்துனா அவங்க இன்னா நெனைப்பாங்க? என் லைஃபுக்கா இது."

"அப்ப என் லைஃபு?" என்று கேட்டாள் ஈவ்லின். கேட்ட பிறகு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. இதுநாள் வரை இந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்டதில்லை. கம்பெனியில் கேட்டதில்லை, கட்டின புருஷனிடம் கேட்டதில்லை. பேர் வேண்டாம் என்று சொன்னவளும் அவள்தான். இப்போது அந்தப் பேர் திரையில் ஓடப்போகிறது என்றதும் நெஞ்சுக்குள் என்னவோ தீப்பற்றின மாதிரி இருந்தது. வேண்டும். அவளுக்கு அது வேண்டும். வேறு எதையும் அவள் இந்த அளவுக்குக் கேட்டதில்லை.

யேசுதாசன் சூர்யாவிடம் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஆட்டோ சாவியை எடுத்தார். "ஏறு வண்டில" என்றார்.

அந்தச் சீரிஸுக்கு ஒலிவேலை செய்கிறவர் தோத்தாத்ரி, குரோம்பேட்டையில் ஒரு மாடிப் போர்ஷனை ஸ்டூடியோவாக மாற்றி வைத்திருக்கிறவர். அறுபதை நெருங்குகிற, காது மடல்களில் வெள்ளை முடி வைத்த, சாந்தமான மனிதர். ஈவ்லின் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு சூர்யாவையும் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"இதோ பாருங்கோ. ரெண்டு பேரும் என்னுதுன்னு சொல்றேள். நான் யாருக்கும் ஜட்ஜ் கிடையாது. எனக்கு எப்படியும் மிக்ஸிங்குக்கு தனித்தனி டிராக் வேணும். டிரம் தனியா, மத்த சவுண்டெல்லாம் தனித்தனியா. யார் போட்டாளோ அவாகிட்ட அது இருக்கும். வியாழக்கிழமை நாலு மணிக்குக் கொண்டு வாங்கோ. அன்னிக்கு டைட்டில் கார்டை லாக் பண்றா, அப்புறம் பேரை மாத்த முடியாது."

படியின் பாதியில் ஈவ்லின் நின்றாள். "நான்தான் கரைச்சிட்டேனே" என்றாள்.

"எல்லாமேவா?"

"எல்லாமே. ஒண்ணே ஒண்ணுதான் கீது என்னாண்ட, முழு பீட்டு. அதேதான் அவன்கிட்டயும் கீது. வாட்ஸ்அப்புல அனுப்புனதும் பழைய போனோட பூடுச்சு. நான் போட்டேன்னு சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணுமே இல்லய்யா."

யேசுதாசன் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். "போட்டவ நீதான. திருப்பிப் போடு."

கேட்பதற்கு எவ்வளவு சுலபம்! திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் ஷிஃப்ட் முடிந்து ஓடிவந்து ஜன்னல்களைச் சாத்தினாள். பழைய பீட்டைக் கேட்டுக் கேட்டு, அதிலிருந்த குடத்தை அப்படியே திரும்ப வாசிக்கப் பார்த்தாள். வரவில்லை. அதே குடம், அதே கை, அதே தலையணை. ஆனால் அன்றைக்கு அந்த இடத்தில் ஏன் அப்படி அடித்தோம் என்று அவளுக்கே தெரியாது. ஒருத்தி மூன்று வருடத்துக்கு முன் சிரித்த ஒரு சிரிப்பை அப்படியே மறுபடி சிரித்துக் காட்டு என்றால் எப்படிச் சிரிப்பாள்? சிரித்தாலும் அது இளிப்பாகத்தான் இருக்கும்.

இதற்கிடையில் சூர்யாவும் சும்மா இருக்கவில்லை. அவனுக்கு வெற்றிவேல் என்று ஒரு நண்பன், கீபோர்டில் புலி. ஒரு பாட்டை இரண்டு தடவை கேட்டால் போதும், பிரித்து மேய்ந்துவிடுவான். அவனைப் பிடித்து உட்கார வைத்து, கம்ப்யூட்டரிலேயே குடச் சத்தத்தையும் தட்டுச் சத்தத்தையும் உருவாக்கி, தனித்தனி டிராக்காகப் போட்டுவிட்டான் என்று செவ்வாய்க்கிழமையே சித்தி போன் பண்ணிச் சொல்லிவிட்டாள். ஈவ்லினுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அவள் குடத்தைத் தள்ளி வைத்தாள். அழுதாள். யேசுதாசன் எழுந்து ஃபேனைப் போட்டார். அந்த மூன்று நாளில் முதல் தடவையாக அந்த அறையில் காற்று வந்தது.

"போதும் வுடு" என்றார். "இன்னா இப்போ, ஊருக்கே தெரியணுமா? எனக்குத் தெரியும்ல."

"உனக்குத் தெரிஞ்சா போதும்னுதான்யா இத்தினி நாளு இருந்தேன்." மூக்கைச் சிந்தினாள். எழுந்து போய் ஃபேனை நிறுத்தினாள். "இப்ப பத்தல."

அப்புறம் அவள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த காரியம். பழைய பீட்டை ஹெட்போனில் போட்டாள். அதைத் திரும்ப வாசிக்கப் பார்க்கவில்லை. எப்போதும் போல, இது என்ன கேட்கிறது என்று காது கொடுத்தாள். கேட்டதைக் கொடுத்தாள். குடத்துக்குப் பதில் சொல்ல இன்னொரு குடம், தட்டுக்கு எதிர்த்தட்டு, கடைசியில் வாயை மூடிக்கொண்டு ஒரு முனகல். ஐந்து டிராக். இதில் எதுவும் பழையதின் நகல் அல்ல என்று அவளுக்கே தெரியும். இந்த முறை ஒன்றைக்கூடக் கரைக்கவில்லை. லேப்டாப் இரண்டு தடவை உறைந்தது. இரண்டு தடவையும் முதலிலிருந்து வாசித்தாள்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு ஸ்டூடியோவில் சூர்யா முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். தலையை வாரி, புதுச் சட்டை போட்டிருந்தான். ஈவ்லின் கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தாள். பின்னால் யேசுதாசன், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு. எதற்கும் இருக்கட்டும் என்று அவராகவே எடுத்து வந்தது. படியேறும்போது கீழ் வீட்டு அம்மா, "தண்ணி வரலியாப்பா?" என்று கேட்டாள்.

தோத்தாத்ரி முதலில் சூர்யாவின் டிராக்குகளைப் போட்டார். குடம் தனியாக, அரிசி தனியாக, தட்டு தனியாக, எல்லாம் துடைத்து வைத்த மாதிரி. எல்லாவற்றையும் சேர்த்துப் பழைய பீட்டோடு ஓடவிட்டார். ஒத்துப் போயிற்று. அச்சுப் பிசகாமல் ஒத்துப் போயிற்று.

"ம்" என்றார் தோத்தாத்ரி. நிறுத்தவில்லை, ஓடவிட்டுக்கொண்டே இருந்தார். முதல் இடைவெளி வந்தது. இரண்டும் சேர்ந்து நின்றன. இரண்டாவது இடைவெளி, சேர்ந்தே. மூன்றாவதில் சூர்யாவினுடையது நின்றது, பழையது நிற்கவில்லை. இரண்டு தாளச் சுற்று கழித்துப் பழையது நின்றது, சூர்யாவினுடையது ஓடிக்கொண்டிருந்தது. வெற்றிவேல் ஆரம்பத்தை மட்டும் காதால் கேட்டு வாசித்து, மீதியை வெட்டி ஒட்டிவிட்டிருக்கிறான்; எட்டுச் சுற்றுக்கு ஒரு இடைவெளி என்று கணக்காக.

"பழசுல இந்த கேப் ஏன் மாறிண்டே இருக்கு?" என்று தோத்தாத்ரி கேட்டார்.

"அது... அன்னிக்கு ஃபீல்ல போட்டது சார்" என்றான் சூர்யா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"சரி. ஃபீல்னா அப்படித்தான் இருக்கும்." அவர் ஈவ்லினின் ஐந்து டிராக்குகளைப் போட்டார். ஒன்றுகூடப் பழையது இல்லை. "இது வேற ஏதோன்னா இருக்கு?"

"ஆமா சார். பழசு வரல. நானும் எவ்ளோவோ பாத்துட்டேன். வரல" என்றாள் ஈவ்லின். "தனித்தனியா என்னாண்ட இல்ல சார். கரைச்சிட்டேன். இதுக்கு மேல எனக்கு இன்னா சொல்றதுன்னு தெர்ல."

தோத்தாத்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் சங்கடம். டைட்டில் கார்டுக்காரர்கள் அதற்குள் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்கள். "எப்படித்தான் வாசிப்பேள், அதையாவது காட்டுங்கோ" என்றார், சும்மா அனுப்ப மனசில்லாமல்.

யேசுதாசன் குடத்தை நீட்டினார். ஈவ்லின் அந்த ஸ்டூடியோவின் கம்பளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மைக்கைக்கூட யாரும் வைக்கவில்லை. தோற்றுவிட்டோம் என்று தெரிந்த பிறகு இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? கண்ணை மூடினாள், கை போன போக்கில் விட்டாள். தொம், டிங், தொம், டிங்.

ஐயோ, என்ன வாசிப்பு அது! தோத்தாத்ரியின் தலை தானாக ஆட ஆரம்பித்தது. ஒரு நிமிஷம் போயிருக்கும். அவர் தலை நின்றது. நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து அவளுடைய கையைப் பார்த்தார். சத்தமில்லாமல் கையை நீட்டி, பழைய பீட்டை மெல்லிதாக ஓடவிட்டு மறுபடியும் கையைப் பார்த்தார். அடிக்கொரு தரம் அவளுடைய இடது கை குடத்தின் வாயிலிருந்து விலகி, காற்றில் ஓர் உதறு உதறிக்கொண்டு, திரும்ப வந்து விழுந்தது. அந்த உதறலின்போது மோதிரக் கை மட்டும் தனியாக டிங், டிங் என்றது. பழைய பீட்டிலும் இடைவெளி வரும்போதெல்லாம் அடியில் அந்த ஒற்றை டிங், டிங். சூர்யாவின் டிராக்கில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் அமைதி.

"நிறுத்துங்கோம்மா." அவர் குரல் மாறியிருந்தது. "இடது கையில என்ன?"

ஈவ்லின் கண்ணைத் திறந்தாள். "இன்னா சார்?"

"அடிக்கடி உதர்றேளே."

"நானா?" அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சத்தியமாக அவளுக்குத் தெரியாது. யேசுதாசன்தான் சொன்னார்: "ஆமா சார், சோறு துன்னும்போதுகூட உதறும். வலிக்கும் அதுக்கு."

"ஓ, அதுவா." ஈவ்லினுக்கு என்னவோ வெட்கமாக இருந்தது. "மணிக்கட்டு சார். கம்பெனில போர்டு எடுக்குற கை. பதினோரு வருசமா தூக்கித் தூக்கி, ரொம்ப நேரம் அடிச்சா விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். ஒதறினா கொஞ்சம் வுடும். வலிக்கும்போது ஒதறிக்குவேன் போல. நான் இன்னா அதையெல்லாம் கண்டுகினா கீறேன்?"

ஸ்பீக்கரில் பழைய பீட் மெல்லிதாக ஓடிக்கொண்டிருந்தது. இடைவெளி வந்தது. தொம்மென்று விழுந்தது. கொஞ்சம் கழித்து மறுபடியும் வந்தது.

சூர்யா எழுந்து நின்றுவிட்டான். முகம் வெளிறியிருந்தது. "அக்கா" என்றான். "அந்த கேப்பு... அது வலியாக்கா?"

அவள் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்குத்தான்க்கா நாங்க கால தூக்கினு நிப்போம். மூணு வருசமா. நீ கை வலில நிறுத்துறப்போலாம் நாங்க விசில் அடிச்சினு..." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சார், அக்காதான் சார். நான் ஒரு அடிகூட அடிக்கல."

"இத மொத நாளே சொல்றதுக்கு இன்னாடா?" என்று யேசுதாசன் பாய்ந்தார். ஈவ்லின் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவளுக்கும் கோபம்தான். கன்னத்தில் ஒன்று வைத்தால் தேவலை போலத்தான் இருந்தது. ஆனால் பேர் வேண்டாம் என்று சொன்ன வாய் தன்னுடையது என்பதும் ஞாபகம் இருந்தது.

"யூடியூப்ல கீறத மாத்து" என்றாள் அவனிடம். "இன்னிக்கே. பாடுனது நீ, அது உன்னுதுதான். பீட்டுக்கு என் பேரைப் போடு."

"போட்றேன்க்கா."

தோத்தாத்ரி இதற்குள் வேறு உலகத்துக்குப் போய்விட்டார். பழைய பீட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மேல் ஈவ்லின் நேற்றுச் சாயங்காலம் வாசித்த ஐந்து டிராக்குகளையும் ஏற்றிப் பெரிய ஸ்பீக்கரில் போட்டார். ஆறும் சேர்ந்து வந்தன. மூன்று வருடத்துக்கு முந்தின ஈவ்லினும் நேற்றைய ஈவ்லினும் ஒருவருக்கொருவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டு, கேலி பண்ணிக்கொண்டு, கடைசி அடி வரைக்கும் பிரியாமல் ஓடினார்கள். குடத்தின் அடிச்சத்தம் தரையில் இறங்கி அவள் உட்கார்ந்திருந்த கம்பளத்தின் வழியாக உடம்பில் ஏறியது. சின்ன ஹெட்போனில் இத்தனை வருடம் கேட்டவளுக்கு, தன் குடத்துக்குள் இவ்வளவு பெரிய சத்தம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

"பழசைப் பிரிக்கவே வேண்டாம்" என்றார் தோத்தாத்ரி. "இதுதான் டைட்டில். இதையே வச்சுக்கறேன்." அவர் போன் மறுபடியும் அடித்தது. எடுத்து, "ஒரு நிமிஷம், பேர் சொல்றேன்" என்றவர், ஒரு தாளையும் பேனாவையும் ஈவ்லினிடம் நீட்டினார். "எப்படி வரணுமோ அப்படியே எழுதுங்கோம்மா. இனிஷியல் உண்டா? அப்பாவுதா, இவரோடதா?"

ஈவ்லின் யேசுதாசனைப் பார்த்தாள். ரேஷன் கார்டில் அவருடைய இனிஷியல். பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் அப்பாவுடையது. கம்பெனி அடையாள அட்டையில் பெயரே இல்லை, ஒரு நம்பர்தான்.

"உன் இஷ்டம்" என்றார் யேசுதாசன்.

அவள் பேனாவை வாங்கித் தாளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டாள். ஒரு தடவை இடது கையை உதறினாள். இந்த முறை உதறியது அவளுக்கே தெரிந்தது. பிறகு நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, முன்னால் ஒரு புள்ளியும் வைக்காமல் எழுதினாள்: ஈவ்லின்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டார் தோத்தாத்ரி.

"இவ்ளோதான் சார். வாசிச்சது நான் ஒருத்திதான?"